முகாரி அழுகிற ராகம்தானா?

செம்பூர், மும்பை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். வர முடியாமல் போனதற்கு முழங்கால்தான் காரணம் என்கிறேன், இவள் நம்ப மறுக்கிறாள். நீயாவது நம்பு.

இளையவள் உளவியல் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியதற்கு நீ ஒரு போடு போட்டிருந்தாயே: அமெரிக்கக் காலேஜ் பையன்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதின சாஸ்திரம், நம்மூர் ஒப்பாரியைப் பற்றி என்னத்தைச் சொல்லிவிடும் என்று. அவளிடம் வாசித்துக் காட்டினேன். கோபமே வரவில்லை. "பெரியப்பா கேட்டதை இந்தத் துறைக்காரர்களே கேட்டுவிட்டார்கள்" என்றாள். 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை அது. மனித மனம் இப்படித்தான் என்று சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய, படித்த, வசதியான ஆட்களிடம் செய்தவை என்றும், உலகத்தோடு வைத்துப் பார்த்தால் அவர்கள்தான் விதிவிலக்கான கூட்டம் என்றும் அதில் வாதிட்டிருக்கிறார்கள். ஆக, உன் கேள்வி சரிதான். ஆனால் அதற்காக முழுதையும் தள்ளிவிடாதே.

சண்முகானந்தா ஹாலில் ஒரு கச்சேரி. என்னோடு வேலை பார்த்த குஜராத்திக்காரர் ஒருவரையும் கூட்டிப் போயிருந்தேன். முகாரியில் தியாகராஜரின் 'எந்தநின்னே' பாடினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவரோ மனசுக்கு இதமாக இருக்கிறது என்றார். இத்தனைக்கும் அந்தக் கீர்த்தனை சபரியின் பாக்கியத்தை வியந்து பாடுவது, அதில் சாவும் இல்லை, பிரிவும் இல்லை. ஆனால் நீயும் நானும் யார் புலம்பினாலும் "முகாரி பாடாதே" என்று அதட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள். ஆலாபனை தொடங்கும்போதே நம் காது அழத் தயாராகிவிடுகிறது.

அப்படியானால் எல்லாமே பழக்கமா? அதுவும் இல்லை. 1999இல் பால்க்வில், தாம்சன் என்ற இருவர் ஹிந்துஸ்தானி ராகங்களையே கேட்டுப் பழகாத மேற்கத்தியர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்களால் இனம்காண முடிந்தது. அமைதிதான் பிடிபடவில்லை. மெதுவான நடையில் சோகத்தை உணர ராக ஞானம் வேண்டாம் போலிருக்கிறது. இன்னொரு பக்கம், பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இணைந்து ஒலிக்கும் சுரங்களும் மோதிக்கொள்ளும் சுரங்களும் அவர்களுக்கு ஒரேபோல இனிமையாக இருந்தன. எது இயற்கை, எது வளர்ப்பு என்று உட்கார்ந்து நாம் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, இப்படிப் போய்க் கேட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ காலமெல்லாம் வகுப்பில் நடத்திய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் மகளிடம் காட்டினேன். உடம்பில் வெளிப்படும் உணர்ச்சியான மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கிற இடமாக நான்கு நிலைக்களன் என்றதும் நோட்டை எடுத்துவிட்டாள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்கிறார் தொல்காப்பியர். சாவுக்குப் பக்கத்திலேயே அவமானத்தையும் இல்லாமையையும் வைக்கிறார் பார். அசைவுக்குப் பழைய உரைகாரர் பேராசிரியர் சொல்லும் உரை, பழைய நிலை கெட்டு வேறுவிதமாக வாழ நேர்ந்து வருந்துவது.

அதைப் படித்ததும் எனக்கு எங்கள் சொசைட்டியில் வாட்ச்மேனாக இருந்த மராட்டியப் பெரியவர் ஞாபகம்தான். லால்பாக் பக்கம் ஒரு துணி மில்லில் வேலை செய்தவர். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதோடு போனது அந்த வேலை. மனைவி இறந்ததைச் சாதாரணமாகச் சொல்லுவார். மில் சங்கு ஊதுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் குரல் உடைந்துவிடும். அவரை ஒரு மனநல டாக்டர் முன்னால் உட்காரவைத்து, சின்ன வயதில் அப்பா அடித்தாரா என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மில் வெளியே வருமா? என் மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல டாக்டர் முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்பார் என்கிறாள். இருக்கலாம்.

அமெரிக்க ஆய்வு நம்மூருக்குப் பொருந்துமா என்றாயே, அதற்கு ரயிலைப் பற்றி ஒன்று. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் நியூயார்க்கை வைத்து எழுதியிருக்கிறார்: நகரத்து மனிதர் ஒரே பிளாட்பாரத்தில் தினமும் பார்க்கிற முகத்தோடு வருடக்கணக்கில் பேசாமலே இருப்பார், அதுவும் ஒருவகை உறவுதான் என்று. இங்கே மும்பை ஹார்பர் லைன் ரயிலில் எனக்கும் அப்படிச் சில முகங்கள் உண்டு. ஆனால் இங்கே "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டு சீட்டுக்குத் துண்டு போடத்தான் வேண்டும், அதிலேயே பேச்சு ஆரம்பமாகிவிடும். அப்புறம் சீட்டுக்கச்சேரி, பஜனை, தசராவுக்குப் பெட்டி முழுக்கப் பூத்தோரணம். மில்கிராம் சொன்ன மௌனத்துக்கு இங்கே நிற்கக்கூட இடமில்லை.

சரி, உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். உங்கள் கீழத்தெருவில் ஒப்பாரி சொல்ல வருவார்களே, அந்த ஆச்சி நடமாட்டமாக இருக்கிறார்களா? இருந்தால் போய்ப் பார். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1884இல், துக்கம் வந்து நாம் அழுவதில்லை, அழுவதால்தான் துக்கம் வருகிறது என்று எழுதினார். இன்றுவரை அதில் சண்டை ஓயவில்லை. சொந்தமில்லாத வீட்டில் பாடும்போது ஆச்சிக்கு அழுகை முதலில் வருமா, பாட்டு முதலில் வருமா, பாடி முடித்து வீட்டுக்குப் போன பிறகும் மனசு கனக்குமா என்று கேட்டு எழுது. அவர்கள் சொல்கிறபடியே எழுது. வாத்தியார் புத்தியில் திருத்திவிடாதே.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்