மேஸ்திரி வெறுங்கையோடு இறங்கிப் போனார்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊருக்கு ஒரு மேஸ்திரி வந்தார். ஜவ்வாது மலையில் மேஸ்திரி என்றால் கட்டட மேஸ்திரி மட்டும் இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்க வருபவருக்கும் அதே பெயர்தான். புது பைக், வெள்ளைச் சட்டை, வாய் நிறைய "தம்பி, தம்பி". டீக்கடைப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாலு பையன்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். கேரளாவில் மிளகுத் தோட்ட வேலை, ஒரே வாரம், முன்பணம் இப்போதே கையில் என்றார். அது மிளகுத் தோட்டம் இல்லை, ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டும் வேலை என்று இன்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பையன்கள் போண்டாவைத் தின்று முடித்து, "சரிங்கண்ணா, பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவர் தனியாகப் போளூர் பக்கம் இறங்கிப் போனார்.

நடந்தது அவ்வளவுதான். இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். 2014 கடைசியில் இதே பெஞ்சிலிருந்துதான் என் அண்ணன் எழுந்து போனான்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் கார்டு வாங்கப் போன இடத்திலிருந்து கோர்ட் வரை இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. சாமை விதைப்போம், புளி உலுக்குவோம், தேன் எடுப்போம், கடுக்காய் பொறுக்குவோம். ஒரு காலத்தில் இந்த மலை சந்தனத்துக்குப் பேர் போனது. கீழே திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கே இருந்தது. கிடங்குக்குப் போனது ஒரு பங்கு, கடத்தலில் போனது இன்னொரு பங்கு. மரம் தீர்ந்தது, வெட்டிப் பழகிய கைகள் மிச்சம் இருந்தன. அந்தக் கைகளைத் தேடித்தான் செம்மரக் கும்பலின் ஆட்கள் மலையேறி வந்தார்கள்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய மரம். சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, நல்லமலை என்று சித்தூர், கடப்பா, நெல்லூர் பக்கத்துக் காடுகளில்தான் தானாக வளர்கிறது. பாறையும் சரளையுமான காய்ந்த மண்ணில் மெல்ல மெல்ல வளரும். நல்ல வைரம், அதாவது கெட்டியான உள்கட்டை, பாய 30, 40 வருஷம் ஆகும். சந்தனமாவது மணக்கும், இதற்கு வாசனைகூடக் கிடையாது. அதன் சிவப்புதான் அதற்கு எமன். சீனாவில் கட்டில், நாற்காலி, அலமாரி செய்ய இதைக் கேட்கிறார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்கிற நரம்பு வாத்தியத்துக்குக் கேட்கிறார்கள். அழியும் உயிரினங்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-லேயே ஏறிவிட்ட மரம் இது. காட்டில் வெட்டியதை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. 2018-ல் ஐயுசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதன் ஆபத்து நிலையை இரண்டு படி குறைத்துக் காட்டியது. 2021-ல் மறுபடி 'அழியும் ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்கே கொண்டுவந்துவிட்டது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அண்ணன் போன அன்று எனக்குத் தெரிந்தது, அவன் மிளகு பறிக்கப் போகிறான் என்பது மட்டும்தான்.

அவன் பிறகு சொன்னது: மரத்தைச் சாய்ப்பது பெரிய வேலை இல்லை. சாய்த்த பிறகு மேல்வெள்ளை முழுவதையும் கோடாலியால் செதுக்கித் தள்ள வேண்டும். சிவப்பு வைரம் மட்டும் மிஞ்ச வேண்டும், வெள்ளை ஒட்டியிருந்தால் கூலியைக் குறைப்பார்கள். செதுக்கும்போது தூள் வியர்வையில் ஒட்டி முழங்கை வரை சிவந்துவிடும். அரிசி, பருப்பு, புளி எல்லாம் தலைச்சுமையாகக் காட்டுக்குள் கொண்டுபோய் நாள்கணக்கில் தங்குவார்கள். பிறகு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இருட்டில் மலையிறங்க வேண்டும். சாலைக்கு வந்தால் முன்னால் வழியில் போலீஸ் இருக்கிறதா என்று பார்த்துப் போகும் 'பைலட்' கார், பின்னால் லோடு வண்டி. மடக்கினால் பைலட் பறந்துவிடுவான், லோடு வண்டி டிரைவர் குதித்து ஓடிவிடுவான். வழியும் பாஷையும் தெரியாமல் கட்டையோடு நிற்பவன் மலைக்காரன். அண்ணனும் அப்படித்தான் நின்றான். எட்டு மாதம் ஆந்திரச் சிறையில் இருந்தான்.

அவன் உள்ளே இருந்தபோதுதான், 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். டிவியில் செய்தி ஓடியபோது அம்மா எழுந்துபோய் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். மகன் சிறையில் இருப்பதற்காக விளக்கேற்றிய தாயை அன்றுதான் பார்த்தேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் திருப்பதியில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இட்லிக் கடை வைத்திருந்த அக்காவுக்கு. நானும் அண்ணியும் முதல் தடவை போனபோது யாரைப் பார்ப்பது என்றே தெரியாமல் மரத்தடியில் நின்றோம். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். தெலுங்கு வாயில் அண்ணன் பெயர் வேறு யாருடைய பெயரோபோல் கேட்டது. கரண்டியும் கையுமாகக் கடையை விட்டு ஓடிவந்து, "உங்க ஆளைத்தாம்மா கூப்பிடுறாங்க, ஓடு" என்று தள்ளிவிட்டது நீங்கள்தான். அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் கடை மேடைதான் எங்களுக்கு ஆபீஸ். அண்ணியின் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்ததற்கு ஒரு நாளும் காசு வாங்கவில்லை. தெலுங்கில் "வாய்தா எப்போ?" என்று கேட்க எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்ததையும் மறக்கவில்லை.

அடுத்து வக்கீல் ஐயாவுக்கு. ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வெளியே வர முடியாது என்பது எங்களுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. உள்ளூரில் சொத்து உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். முன்பின் தெரியாத ஜவ்வாது மலைக்காரனுக்குத் திருப்பதியில் யார் போடுவார்கள்? நீங்கள் ஆள் தேடி அலைந்தீர்கள். கடைசியில் ஃபீஸாக வாங்கிக்கொண்டது ஒரு படி சாமை, ஒரு பாட்டில் தேன். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வெட்டினாய், அதை இல்லை என்று சொல்லாதே, இனிமேல் வெட்டாதே" என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்தது. எங்களைப் பாவம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உதவியவர் நீங்கள் ஒருவர்தான்.

போளூர் பஸ் நடத்துனர் அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஏனென்றால் நீங்கள் செய்தது எதுவும் விதிப்புத்தகத்தில் இருக்காது. ஏழெட்டுப் பையன்கள் பையோடு ஏறி, ஒரே ஆள் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். உடனே உங்களுக்குச் சில்லறை தட்டுப்பாடு வந்துவிடும். பையைக் குடைவீர்கள், டீக்கடைக்குப் போவீர்கள், திரும்பி வந்து மறுபடி குடைவீர்கள். விசில் மட்டும் ஊத மாட்டீர்கள். அதற்குள் செய்தி போய், யாராவது ஒரு அம்மா வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்து மகன் சட்டையைப் பிடித்து இறக்கிவிடுவாள். எங்கள் பக்கத்தில் எத்தனை செம்மரம் இன்னும் நிற்கிறதோ, அதில் சிலது உங்கள் சில்லறைப் பையால் நிற்கிறது. எங்கள் பக்கம் என்று எழுதிவிட்டேன், மரம் நிற்பது ஆந்திரத்தில்தான். பரவாயில்லை, இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசிய பெரியப்பாவுக்கு. சந்தனம் வெட்டிய காலத்துக் கதையை நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களோ என்று பயந்துதான் கூப்பிட்டேன். நான் அங்கே ஆசிரியை, ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும். நீங்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் எதிர் மலையைக் கைகாட்டினீர்கள். "அந்தப் பள்ளத்துல இருந்தது, அந்த மேட்டுல இருந்தது, இந்த ஓடைக்கரை முழுக்க இருந்தது. இப்ப ஒரு மரம் காட்டு பாக்கலாம்" என்றீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "அந்தக் காசுல என்ன வாங்குனீங்க தாத்தா?" என்று கேட்டான். நீங்கள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒரு ரேடியோ" என்றீர்கள். நான் தயாரித்து வைத்திருந்த பல்லுயிர்ப் பாடத்தை அன்று நடத்தவே இல்லை.

மகளிர் குழு அக்காக்களுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் எழுதுகிறேன். உமியோடு சாமையை மூட்டையாகப் போட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை. உரலில் குத்தி அரிசியாக்கினால் விலை உண்டு, ஆனால் கை செத்துப்போகும். கடன் வாங்கி உமி நீக்கும் மெஷின் இறக்கியது நீங்கள். அந்த மெஷின் முதல் வருஷம் எங்களை அழவைத்தது, அதையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை பெல்ட் அறுந்தது. ஆலங்காயத்திலிருந்து மழையிலும் பனியிலும் ஸ்பேனர் பையோடு ஏறிவந்த மெக்கானிக் தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பத்தி. இன்று அந்த மெஷினை ஓட்டுவது அண்ணன். செம்மரத் தூளில் சிவந்த அதே கை இப்போது உமித்தூளில் வெளுத்துக் கிடக்கிறது. மேஸ்திரி காட்டிய முன்பணத்தோடு ஒப்பிட்டால் இந்த வருமானம் சின்னதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஊரில் பாதிப் பையன்கள் இன்னும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், தீபாவளிக்குத் திரும்பி வருகிறார்கள்.

வனத்துறைக்காரர்களுக்கு நன்றி எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது. அந்தக் காக்கிச் சட்டை மேல் எங்களுக்கு இருந்த கோபம் உங்களுக்கும் தெரியும். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் மரம் வெட்டும் கும்பல் தாக்கியதில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் இறந்தார்கள். அந்த வீடுகளிலும் அம்மா இருப்பாள், கைக்குழந்தை இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே பல வருஷம் பிடித்தது. கையில் ஒரு தடியோடு, டார்ச் லைட்டோடு, அந்தப் பாறைக் காட்டில் ராத்திரி நடப்பவர்களுக்கு, தாமதமான வணக்கம். எங்கள் மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் இருவருக்கும் சேர்த்துத்தான். ஒருவன் அண்ணனோடு வெட்டப் போனவன். எங்கே ஆள் ஏறுவான், எந்த வழியாக இறங்குவான் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

கட்டையைக் கடைசியில் காசு கொடுத்து வாங்குகிறவர்களை எங்கள் மலையில் யாரும் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. அவர்களைப் பிடிப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல் பாக்கி வைத்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்து அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஒருத்தரை விட்டுட்டியே என்றான். பிடிபட்ட அன்று விடியற்காலையில், கையைக் கட்டி வரிசையாக உட்கார வைத்திருந்தபோது, வயதான காவலர் ஒருவர் தன்னுடைய பாட்டிலைத் திறந்து ஒவ்வொருவர் வாய்க்கும் நேரே பிடித்தாராம். பிடித்துக்கொண்டு "தாகு, தாகு" என்றாராம். தெலுங்கில் அதற்குக் குடி என்று அர்த்தம். அது அப்போது இவனுக்குத் தெரியாது. தாகமா என்று தமிழில் கேட்கிறார் என்று நினைத்து, ஆமாங்கய்யா என்று தலையாட்டினானாம்.

அந்த ஐயாவுக்கும்.