வில்லனுக்குப் பெயர் வைத்தது யார்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை

அன்பு நண்பா,

உன் கடிதமும் உன் மகள் எழுதிய முதல் அத்தியாயமும் ஒரே உறையில் வந்தன. இங்கே எல்லாரும் சுகம். புரட்டாசி முடியும்வரை வீட்டில் மரக்கறிதான். ஜக்கரந்தா இன்னும் பூக்கவில்லை; நீ வருவதாகச் சொன்ன நாளுக்குள் தெருவெல்லாம் ஊதாவாகிவிடும்.

கதையைப் படித்தேன். செவ்வாயில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு, எல்லாருக்கும் நீரும் சோறும் அளந்துபோடும் ஓர் இயந்திரம், அது மெல்ல மெல்லக் கொடுங்கோலாகிறது. களம் நன்றாக இருக்கிறது. வில்லனின் பெயர்தான் ஒட்டவில்லை. 'ஸார்க்ஸ்' என்று வைத்திருக்கிறாள். நாலு எழுத்தில் மூன்று புள்ளி எழுத்து, அதுவும் அடுத்தடுத்து. நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கையில் அங்கேயே நின்றுவிடுவார்கள். வேற்றுமை உருபு சேர்த்துப் பார்: ஸார்க்ஸை, ஸார்க்ஸால், ஸார்க்ஸுக்கு. ஒரு பக்கத்தில் இருபது தடவை வரப்போகிற பெயர் இது.

ஆனால் ஓசையைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த இயந்திரத்துக்கு அப்படிப் பெயர் வைத்தவர் யார் என்று கதையில் எங்கும் தெரியவில்லை. வில்லன் பெயரில் நான் முதலில் தேடுவது அதைத்தான். பெற்றோர் வைத்ததா, எஜமான் வைத்ததா, பயந்தவர்கள் வைத்ததா, தானே சூட்டிக்கொண்டதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதிப் பெயர் கிடைத்த மாதிரி.

'ரோபோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள். நம் ஊரில் சாலைச் சந்திப்பு விளக்குக்கு ரோபோ என்று பெயர் இருப்பதால் அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தட்டுப்படுவதில்லை. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். 'ரொபொட்டா' என்றால் பண்ணையாள் நிலக்கிழாருக்குச் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய வேலை. அந்த நாடகத்தில் மனித இனத்தை அழிக்கக் கிளம்பும் 'வில்லன்கள்' அந்தக் கட்டாய வேலையின் பெயரைச் சுமந்தவர்கள். வேலை வாங்கியவன் வைத்த பெயர். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சம் பேரின் வழிவந்த நாம் இதைப் படிக்கும்போது வேறு விதமாகத்தான் படிப்போம். அவர்களுக்கும் பதிவேட்டில் ஒரு எண் இருந்தது.

சுஜாதாவும் இதைச் சரியாகப் பிடித்தார். 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களுக்கு அரசாங்கமே இரண்டெழுத்தில் பெயர் கொடுக்கிறது: நிலா, சிபி. ஆள்கிறவன் பெயரும் இரண்டெழுத்துதான், ஜீவா. உயிர் என்று பொருள் தரும் பெயரைச் சூடியவனுக்கு உயிரே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம். உரக்கச் சொன்னால் நம் தெருப்பையன் பெயர் மாதிரி இருக்கிறது. அதனால்தான் குளிர்கிறது. உன் மகள் இன்னும் படிக்கவில்லை என்றால் முதலில் அதைக் கொடு.

நீ கேட்ட, 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடர் விஷயம். டச்சு மொழியிலும் நம் பள்ளிக்கூட ஆஃப்ரிகான்ஸிலும் அந்த எழுத்துக்கூட்டலுக்கு 'தகப்பன்' என்று பொருள். உச்சரிப்பு மட்டும் 'ஃபாடர்'. அதனால் நம் நாட்டில் பலர் ரகசியம் முதலிலேயே வெளிப்பட்டுவிட்டது என்கிறார்கள். தேதிகள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1977-இல் வந்த முதல் படத்தில் அவன் கதாநாயகனின் தகப்பன் என்ற பேச்சே கிடையாது. அது 1980-இல் வந்த படத்தில்தான். தொடக்க வரைவுகளில் அந்தப் பெயர் ஒரு சாதாரணத் தளபதிக்கு இருந்தது. இருண்ட தகப்பன் என்ற விளக்கத்தைப் படத்தைப் படைத்த ஜார்ஜ் லூக்காஸ் பிற்பாடு சொன்னார். முதல் படத்தில் 'டார்த்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது பட்டமாக மாறியதும் பின்னால்தான். பெயர் முந்தி, பொருள் பிந்தி. இப்படி நடப்பது அபூர்வம் இல்லை.

டாலெக் இன்னொரு உதாரணம். 1963 டிசம்பரில் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் வந்த அந்த உலோகக் கொடூரங்களுக்குப் பெயர் வைத்த டெர்ரி நேஷன், கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் முதுகில் இருந்த எழுத்துகளிலிருந்து எடுத்ததாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பிறகு, அது சும்மா சொன்னது, பெயர் தானாக வந்தது என்று ஒப்புக்கொண்டார். செர்பிய-குரோவாசிய மொழியில் அதற்குத் 'தொலைவான' என்று பொருள் இருப்பது தற்செயல். ஆகவே எந்தப் பெயருக்கும் வேர் தேடும்போது எழுத்தாளர் எப்போது என்ன சொன்னார் என்று ஆண்டோடு பார்க்க வேண்டும். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் கணினி எச்ஏஎல் 9000 கதையும் அப்படித்தான். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் ஒரு படி தள்ளினால் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் பெயர் வருகிறது என்று 1968 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கதையை எழுதிய ஆர்தர் கிளார்க் அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார். தமிழில் அதை 'ஹால்' என்று எழுதினால் வீட்டுக் கூடமாகிவிடும். எழுத்துகளைப் பிரித்தே எழுத வேண்டும்.

எனக்குப் பிடித்தது தானோஸ். 1973-இல் மார்வெல் சித்திரக்கதைக்காக ஜிம் ஸ்டார்லின் உருவாக்கிய வில்லன் பாத்திரம். கிரேக்கத்தில் மரணத்துக்குப் பெயரான தானடோஸிலிருந்து வந்தது. ஆனால் கிரேக்க நாட்டில் தானோஸ் என்பது அன்றாடம் புழங்கும் ஆண் பெயர். அத்தனாசியோஸின் சுருக்கம். அதற்கு மரணமில்லாதவன் என்று பொருள்! முன்னால் இருந்த மறுப்பு எழுத்து தேய்ந்து உதிர்ந்துவிட்டது. தேய்ந்த பெயருக்கு இருக்கிற ஆழம் புதிதாகச் சேர்த்த ஓசைக்கு வராது.

பயந்தவர்கள் வெளியிலிருந்து வைத்த பெயர்களில் கவனம் வேண்டும். 1934-இல் வந்த 'ஃபிளாஷ் கோர்டன்' விண்வெளிச் சித்திரக்கதையின் கொடுங்கோலன் மிங். சீனத்தில் அந்த எழுத்து ஞாயிறும் திங்களும் சேர்ந்தது, ஒளி என்று பொருள்; 1368 முதல் 1644 வரை ஆண்ட பேரரசின் பெயர். படைத்தவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஆசியா என்ற பயம் மட்டும் போதுமாக இருந்தது. 1967-இல் 'ஸ்டார் ட்ரெக்' விண்கப்பல் தொடரில் வந்த கான் நூனியன் சிங்கும் அந்த ரகம். வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று கதைக்குள் சொல்கிறார்கள். கான் துருக்கி, மங்கோலியப் பட்டம்; சிங் என்றால் சிங்கம். இரண்டும் ஒரே ஆளின் பெயரில் ஒட்டிக்கொள்வதை டர்பன் நகரத்தில் யார் பார்த்தாலும் ஒரு நிமிடம் நிற்பார்கள். கான் ஒரு வீடு, சிங் ஒரு வீடு, நடுவில் நாம் என்று வாழ்கிறவர்கள் நாம். 1965-இல் வந்த 'டியூன்' நாவலின் வில்லன் ஹார்க்கொனன் மட்டும் என்ன? ரஷ்யச் சாயலுக்காக ஃபிராங்க் ஹெர்பர்ட் எடுத்த அந்தப் பெயர் உண்மையில் ஃபின்லாந்துக் குடும்பப் பெயர், 'எருது' என்ற சொல்லிலிருந்து வந்தது. நிஜ மக்களின் பெயரை எடுத்தால் அவர்கள் அதைப் படிப்பார்கள் என்று நினைத்து எடுக்க வேண்டும்.

புராண அசுரன் பெயரை அப்படியே வைக்கலாமே என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். தைப்பூசத்தில் நாம் வணங்கும் சேவற்கொடியும் மயிலும் சூரன்தானே? சூரன் என்றாலே வீரன். துரியோதனன் என்றால் எதிர்த்துப் போரிட அரியவன்; விடியவிடியக் கூத்துப் பார்த்த பெரியவர்கள் அவனை வெறும் வில்லனாகப் பார்த்ததே இல்லை. அந்தப் பெயர்கள் தங்கள் கதையைக் கூடவே இழுத்து வரும். அவற்றிலிருந்து ஒன்று கற்கலாம்: மேகநாதன் இந்திரனை வென்றபின் இந்திரசித்து ஆனான். பெயர் மாறும் இடம் கதையின் திருப்பம்.

இனி செய்முறை. வேர்ச்சொல்லை இயந்திரம் செய்யும் வேலையிலிருந்து எடுக்கட்டும், குணத்திலிருந்து வேண்டாம். கொடூரம், இருள், அழிவு எல்லாம் குணம். அளத்தல், நிறுத்தல், எண்ணுதல் வேலை. பிறகு அந்தச் சொல் இரண்டு தலைமுறை வாயில் தேய்ந்தால் எப்படி ஆகும் என்று பார்க்கட்டும். மாதிரி நம்மிடமே இருக்கிறது. முதலி என்ற பெயர் இங்கே மூட்லி ஆனது எப்படி? கப்பலில் வந்தவர்களைப் பதிந்த குமாஸ்தாவிடம் ஆங்கில எழுத்துதான் இருந்தது. த-வும் ட-வும் ஒன்றாகிவிட்டன. நடுவிலிருந்த குறில் விழுந்தது. முதல் உயிர் நீண்டது. இதே விதியில் தலையாரி 'டால்யாரி' ஆகும். கேட்டால் அந்நியம், உள்ளே தமிழ்.

அடுத்தது ஈறு. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டியதில்லை, நாம் யோசிக்க வேண்டும். 'ர்' என்று முடிந்தால் காது 'வந்தார்' என்று எதிர்பார்க்கும். 'வேடர் வந்தான்' என்று எழுதினால் இடறும், போதாக்குறைக்கு வேட்டுவக் கூட்டம் ஞாபகத்துக்கு வரும். 'ன்' என்று முடிந்தால் ஆண் என்று முடிவாகிவிடும். இயந்திரத்துக்கு ஆகாரத்தில் முடிவது வசதி: அது, அவன், அவள், அவர் எதற்கும் இடம் கொடுக்கும்.

கடைசியாக அக்கம்பக்கத்து மொழிகள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் டூக்கு என்ற பிரபுவின் பெயர் பிரேசிலில் கொச்சையாக ஒலித்ததால் அங்கே டூகன் என்று மாற்ற வேண்டியதாயிற்று. நம் தெருவில் ஜூலு, ஆஃப்ரிகான்ஸ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பேசுகிற ஒருவரிடம் பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்தால் போதும்.

இவ்வளவும் வைத்துப் பார்த்து நான் சொல்லும் பெயர்: துலா. தராசு. ஏற்றமரத்துக்கும் அதுதான் பெயர்; தண்ணீர் அளந்துபோடும் இயந்திரத்துக்கு இரண்டும் பொருந்தும். துலாவை, துலாவால், துலாவுக்கு என்று உருபு வழுக்கிக்கொண்டு போகிறது. பொறியாளர்கள் நல்லெண்ணத்தோடு வைத்த பெயர், நீதியாக அளக்கும் என்று. ஜூலுவில் அதே ஒலிக்கு, முதல் உயிரைச் சற்று நீட்டிச் சொன்னால், 'சத்தம் போடாதே' என்று பொருள். அழும் குழந்தையை மடியில் போட்டுத் தாய்மார் சொல்லும் சொல். குடியிருப்பில் ஜூலுக் குடும்பங்களும் இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைக்குத் தராசாகக் கேட்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாயைமூடு என்று கேட்கும். இரண்டு பிள்ளைகளும் அதைப் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று வேண்டும். மூன்றாம் அத்தியாயத்துக்குள் வைத்தால் நல்லது, பிந்தினால் விளக்கம் மாதிரி ஆகிவிடும்.

வினைமுற்றையும் அவள் கையில் எடுக்கட்டும். அதிகாரிகள் 'துலா சொன்னார்' என்பார்கள். தொழிலாளர்கள் 'துலா சொன்னது' என்பார்கள். முதல் தடவை ஒரு குழந்தையின் தண்ணீர் குறையும் அன்று, வரிசையில் நிற்கும் கிழவி 'துலா குறைச்சிட்டான்' என்று சொல்ல வேண்டும். இயந்திரம் வில்லனாவது அந்த ஒரு எழுத்தில். அதற்கு முன் எந்தப் பாத்திரமும் 'அவன்' என்று தவறிக்கூடச் சொல்லாதபடி முதல் இரண்டு அத்தியாயத்தையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல். முதல் அத்தியாயத்தில் ஆறாம் பக்கத்திலும் ஒன்பதாம் பக்கத்திலும் அவளே அறியாமல் எழுதியிருக்கிறாள். பென்சிலால் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்