பெட்டியை இன்னும் போடவில்லை

அன்பு மகன் குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மஸ்கட்டில் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் வெயிலில் வேலை கூடாது என்று கோடைக்கு ஒரு சட்டமே இருக்கிறதாமே, அப்புறம் நீ ஏன் அந்த நேரத்தில் சைட்டில் நிற்கிறாய்? பிரஷர் மாத்திரையை விடாமல் போடு.

போனில் பேசலாம் என்றால் நீ "சரிம்மா, வைக்கட்டுமா" என்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மேலத்தெரு மணியின் பையன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். முறுக்கும் மிளகாய்ப்பொடியும் வைத்திருக்கிறேன்.

அப்பாவின் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. நீ உட்கார வேண்டிய இடத்தில் உன் சித்தப்பா உட்கார்ந்தார். பெரியத்தை கேட்டாள், லீவு கிடைக்கவில்லை என்றேன். பட்டாளத்தான் வீட்டில் லீவு கிடைக்காதது என்ன புதுசா என்று நானே சொல்லிச் சிரித்தேன். உன்னைக் குறையாக ஒரு வார்த்தை யாரையும் பேசவிடவில்லை.

முன்னாள் பட்டாளத்தார் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஆனாலும் செருப்பை வாசலில் ஒரே வரிசையில் விடுகிறார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு 1971-ல் வெலிங்டனில் சேர்ந்தவர். குன்னூர் குளிரில் பல் தந்தியடிக்க, பக்கத்துக் கட்டில் மலையாளத்துக்காரரிடம் அப்பா மவுத் ஆர்கன் கற்றுக்கொண்டதை அவர்தான் சொன்னார். படாகானா என்று பட்டாளத்தில் பெரிய விருந்து நடக்கும் ராத்திரியில் ஆபீசர் "தம்பி, ஒரு பாட்டு" என்பாராம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஜவான்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம். சுரம் எழுதத் தெரியாது, ராகத்தின் பெயர் தெரியாது, ஒருமுறை கேட்டால் போதுமாம்.

எனக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில் லீவுக்கு வந்தால் ராத்திரி திண்ணையில் கூட்டம் நிற்கும். வாசிப்பதற்கு முன்னால் மவுத் ஆர்கனை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, வேட்டி நுனியால் துடைப்பார். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் சப்பென்று இருக்கும், ஒன்று ஒரு மயிரிழை பிசகியிருந்தால்தான் அந்த நடுக்கம் வரும் என்று உன்னை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார். உனக்கு நினைவிருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு மாச லீவு. மிச்சமெல்லாம் 56 ஏ.பி.ஓ. என்ற ஒரே பட்டாளத் தபால் விலாசம்தான். அந்த இரண்டு மாசத்துக்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, உன் தங்கைக்குத் தலை பின்னி, உன் கணக்கு நோட்டைத் திருத்தி, கிணற்றுக் கயிறு வரைக்கும் மாற்றிவிட்டுப் போவார். பென்ஷன் வந்த பிறகும் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு பதினாறு வருஷம் நின்றார். உன் இன்ஜினியரிங் பீஸ் அந்த நின்ற காலில் வந்தது. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே.

பென்ஷன் என்றதும் நினைவு வருகிறது. நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கப் போனேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் ரேகை போய்விட்டது, எந்த விரலை வைத்தாலும் மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கண்ணைக் காட்டித்தான் முடிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கமாவது நான் இருக்கிறேனா என்று கேட்கிறது. சரி, விடு.

போன மாசம் நீ சொன்னாயே, அந்த டிரங்குப் பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் சும்மா.

1987 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படை என்று பெயர் வைத்து அப்பாவையும் இலங்கைக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. தமிழ் தெரிந்தவர் என்று இவரைச் சாலைச் சோதனையில் நிறுத்தினார்களாம். யாழ்ப்பாணத்தில் ஒரு கிழவி, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் என்னிடம் சொன்னது. நான் மேலே கேட்கவும் இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படையும் கப்பலேறி வந்தபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. ஊரே அப்படித்தான் இருந்தது, கம்மவான்பேட்டையிலேயே. வீட்டுக்கு ஒரு பட்டாளத்தான் உள்ள ஊர் இது.

அந்த வருஷம் லீவுக்கு வந்தவர் ராத்திரி ராத்திரி படியில் உட்கார்ந்து ஒரே பாட்டை வாசித்தார். பாதியில் நிறுத்துவார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நிறுத்துவார். பம்படியில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள்: "நம்ம ஜனங்களைச் சுட்டுட்டு வந்து பாட்டு வேற." குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் மவுத் ஆர்கனை என் பழைய புடவைத் துணியில் சுற்றி, அடுக்குப்பானையில் அடிப்பானைக்குள், கேழ்வரகுக்கு அடியில் வைத்தேன்.

நீ எடுத்துத் தொலைத்துவிட்டாய் என்று அவர் நினைத்தார். நீதான் முந்தின நாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தாய். பெல்ட்டைக் கழற்றினார். உனக்கு ஒன்பது வயது. நீ அழவில்லை. "நான் எடுக்கலப்பா" என்று மூன்று தரம் சொன்னாய், அப்புறம் அதையும் சொல்லவில்லை. நான் அடுப்பு முன்னால் ஊதாங்குழலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் குமாரு. வாயைத் திறக்கவில்லை. பானை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்புறம் அவர் வாசிக்கவே இல்லை. உன் முதல் சம்பளத்தில் புதிதாக ஒன்று வாங்கிவந்து கொடுத்தாய். "எதுக்குடா இதெல்லாம்" என்று பிரிக்காமல் பீரோவில் வைத்தார். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் நீங்கள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டீர்கள், "அப்பாகிட்ட சொல்லிடு", "அவன்கிட்ட கேளு" என்று. நானும் இரண்டு பக்கமும் சோறு போட்டுக்கொண்டு இருந்தேன்.

அவர் போன பத்தாம் நாள்தான் பானையிலிருந்து எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். தகடு துரு ஏறியிருக்கிறது, உள்ளே பித்தளை பச்சை பூத்திருக்கிறது. ஊதிப் பார்த்தேன். நடுவில் இரண்டு ஓட்டை மட்டும் சத்தம் கொடுக்கிறது, கேழ்வரகு வாசனையோடு. இதை மணி பையனிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை.

அதனால் பெட்டியை யாருக்கும் போடவில்லை. நீ வந்து திறக்கிற வரைக்கும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, லீவு பார்த்துச் சொல். என்மேல் கோபம் இருந்தால் அதையும் போனில் சொல், "வைக்கட்டுமா" என்று மட்டும் சொல்லாதே.

மிளகாய்ப்பொடியை ஈரக் கையால் எடுக்காதே. மாத்திரை.

உன் அம்மா