மறைந்த பெயரும் மறையாத துளசிமாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய உரையாடலில் மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வோரையெல்லாம் மோசடிக்காரராகக் கருதுவது முறையன்று. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அந்தரங்கமோ அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. மாதுங்காவில் எங்கள் குடியிருப்புப் பெண்மணி ஒருவர் புகுந்தவீட்டுத் தொல்லைகளை வேறு பெயரில் மனம்விட்டு எழுதிவந்தார். முகப்புப் படத்திலிருந்த துளசிமாடமும் அதன் பின்னே தெரிந்த பச்சைக் கம்பிக் கதவும் அவரை நாத்தனாருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன. (தொல்லை இப்போது இரட்டிப்பு!) பழைய கைபேசி எண்ணிலேயே கணக்கு தொடங்கினால், அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் உறவினருக்குச் சில செயலிகள் தாமாகவே அக்கணக்கைப் பரிந்துரைக்கவும் செய்கின்றன. இத்தகைய நுணுக்கங்களை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மாதுங்கா, மும்பை.