வில்லியம் விவிலியப் பெயர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில் பெயர்களைப் பற்றி வந்த கட்டுரை, தாமஸ், பீட்டர், ஜான் ஆகியவற்றோடு வில்லியத்தையும் சேர்த்து, நான்கும் விவிலியத்திலிருந்து வந்தவை என்கிறது. முதல் மூன்றும் சரி. வில்லியம் என்பவர் விவிலியத்தில் எங்கும் இல்லை.

அது, ஜெர்மானியர் கிறித்தவத்தைத் தழுவுமுன்பே கைக்கொண்டிருந்த இருசொல் பெயர் மரபைச் சேர்ந்தது. 'வில்' என்றால் விருப்பம், மனவுறுதி. 'ஹெல்ம்' என்றால் தலைக்கவசம். (நமக்கு அம்பும் வில்லும் நினைவுக்கு வந்தால் அது தமிழின் குறும்பு.) தாய்வழியிலும் தந்தைவழியிலும் உள்ள பெயர்களிலிருந்து ஆளுக்கொரு பாதியை எடுத்து ஒட்டிப் பிள்ளைக்கு வைப்பதும் அங்கே வழக்கமாக இருந்ததால், இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

1066-இல் வட பிரான்சிலுள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின்தான் இப்பெயர் அங்கே பெருகி, லியோஃப்ரிக், எதல்ரெட் போன்ற உள்ளூர்ப் பெயர்களை ஒதுக்கித் தள்ளியது. நார்மண்டியில் அது எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்கு, மோன் சென் மிஷேல் மடத்தின் தலைவர் ராபர்ட் எழுதிவைத்த குறிப்பொன்று போதும்: 1170-களின் தொடக்கத்தில் பாயூ நகருக்கருகே நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில், வில்லியம் அல்லாத எவரும் இந்த அறையில் உண்ணக் கூடாது என்று விளையாட்டாக மற்றவர்களை வெளியே அனுப்பியபின், எஞ்சியிருந்த வீரர்கள் மட்டும் 110 பேர்!

பாரிஸ் பக்கத்துப் பேச்சில் சொல்முதல் வகரம் ககரமாகி இதே பெயர் 'கியோம்' ஆயிற்று. நார்மானியரோ வகரத்தை விடவில்லை. மிக்சி வாங்கும்போது அட்டையில் 'வாரண்டி' என்று முத்திரை குத்திவிட்டு, வாயால் 'கேரண்டி' தருகிறாரே கடைக்காரர், அந்த இரண்டும் இப்படிப் பிரிந்த ஒரே சொல்தான். வார்டனும் கார்டியனும் அப்படியே.

எங்கள் நாகர்கோவிலில் தெருவுக்கொரு வில்சன் இருப்பார். 'வில்லின் மகன்', அதாவது வில்லியத்தின் மகன் என்ற குடும்பப் பெயர் அது. இங்கே ஞானஸ்நானப் பெயராகிவிட்டது. அவர்களில் யாரேனும் தங்கள் கட்டுரையை நம்பி வேதாகமத்தைப் புரட்டத் தொடங்குமுன், அடுத்த மலரில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகர்