துளை ஓப்பரேசனுக்கு வயல் விற்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சிக்குப் பெருங்குடலில் கட்டி. கொழும்பில் தனியாரிடம் லப்பரஸ்கோப்பி, அதாவது வயிற்றைப் பெரிதாக வெட்டாமல் சின்னத் துளைகளுக்குள்ளால் செய்யும் ஓப்பரேசன், செய்விக்க ஒரு ஏக்கர் வயலை விற்க ஆள் தேடுகிறார்கள். திகதி ஒன்றரை மாதமாகத் தள்ளிப் போகிறது. வயிற்றை வெட்டினால் பிறகு எழும்பி நடமாட ஏலாதாம். வெட்டுப்பட்ட ஆள் நான் பக்கத்திலேயே இருக்கிறேன், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், காலபோக விதைப்பு நேரம், எனக்கும் குடல் கட்டிக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். 2009 இல் சண்டையில் பட்ட செல் (எறிகணை) துண்டு எடுக்க ஒருக்கால் திறந்த வயிறு. உள்ளே குடல் ஒட்டியிருக்கும், துளைக்குள்ளால் செய்வது கஷ்டம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். வன்னியில் இப்படி எத்தனை வயிறுகள்!

முதல் மாதம் லேசில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவேன். சாரத்து முடிச்சு சரியாகத் தையலில் வந்து குந்தும். நெஞ்சுக்குக் கீழே உயர்த்திக் கட்டிக்கொண்டு திரிந்தேன். யூரியாப் பையைத் தொட மனைவி விடவில்லை. பக்கத்துக் கட்டில் மாங்குளத்துக்காரருக்குத் துளை. (குடலை வெளியே எடுக்க அவருக்கும் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதை ஒருவரும் சொல்வதில்லை.) என்னைவிட இரண்டு நாள் முந்தி வீட்டுக்குப் போனார்.

ஆறு மாதத்தால் கிளினிக்கில் கண்டபோது இருவருக்கும் ஒரே கதை: சாப்பிட்ட கையோடு கக்கூசுக்கு ஓட்டம். கிளினிக் நாளில் அவரும் பிளேன்ரீயோடு சரி, நானும் அப்படித்தான். பஸ் ஆனையிறவைத் தாண்டும் மட்டும் உயிர் கையில்.

மகள் தாதி. இரண்டு முறையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 2002 இல் வந்த ஆய்வொன்றை வாசித்துச் சொன்னாள். 449 நோயாளர். துளைக்காரர் சராசரி 5.6 நாள் ஆஸ்பத்திரியில், மற்றவர்கள் 6.4 நாள். நோ மருந்தும் துளைக்காரருக்குக் கொஞ்சம் குறைவு. சீவியம் எப்படி என்று கேட்டதில் இரண்டாம் கிழமையில் மட்டும் சின்ன வித்தியாசம், இரண்டாம் மாதம் அதுவும் இல்லை. அதே ஆய்வின் முழு 872 பேரையும் வைத்து 2004 இல் வந்த முடிவில், மூன்று வருடத்துக்குள் கட்டி திரும்பியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமன்.

துளை வசதி கிடைத்தால் சந்தோசம், செய்யட்டும். அதற்காகக் கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு காணிக்கு விலை பேசவேண்டாம் என்று அந்தத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்பது வேறு. நாங்கள் இறங்கி ஏறும் பஸ் நிலையத்தில் கக்கூசு பூட்டிக் கிடக்கிறது. திறப்பு ஆரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். போன கிளினிக் நாளும் பூட்டுத்தான்.

கமக்காரன் ஒருவர்,
முரசுமோட்டை