காப்பகம் என்பது நாய்களை அடைத்துப் போடும் பவுண்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு பட்டியில் நாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்ட செய்தியைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் ஆடு உண்டு. விடியக்காலையில் படலைத் திறந்ததும் கழுத்து கிழிந்து கிடக்கிற குட்டியைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் செய்தியின் கடைசியில், "எல்லா நாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டியதுதானே" என்று ஊர்க்காரர்கள் கேட்டதாகப் போட்டிருந்தீர்கள். பதினோரு வருடமாக ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் காப்பகம் காங்கயம் பக்கம், கோழி விடாமல் சும்மா கிடந்த ஒரு பிராய்லர் கொட்டகை. தோட்டத்துக்காரர் வாடகையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். முதலில் வந்தது நாய்கூட இல்லை, லாரி அடித்துப் போட்ட ஒரு காளைக்கன்று. அப்புறம்தான் புழு வைத்த நாய்கள், கால் ஒடிந்த நாய்கள் என்று வர ஆரம்பித்தன. அரிசி ஒருவர், மருந்துச் செலவு ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து கொட்டகை கழுவிவிட நாலு பிள்ளைகள் என்று ஊர்தான் நடத்துகிறது. ஐம்பது நாய்க்கு மேல் இடம் இல்லை. அதற்கு மேல் நெருக்கி அடைத்தால் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்று நோய் வந்து ஒரே வாரத்தில் பாதி போய்விடும், அதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டோம்.

அதனால் எங்கள் முக்கியமான வேலை அடைத்து வைப்பது அல்ல. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, ஆறியதும் பிடித்த இடத்திலேயே விடுவது. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தொடங்கிய முறை, 2001-ல் மத்திய அரசின் விதியாகவே ஆனது. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான், வெறி பிடித்ததும் மூர்க்கமாகக் கடிப்பதும் மட்டும் விலக்கு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் சொன்னது. அவற்றை வைக்க இடம் வேண்டும், சரி, அதை அரசுதான் கட்ட வேண்டும், ஒரு கோழிக் கொட்டகையால் தாங்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாக வாய்க்கால் கரையில் கொட்டுகிறார்கள். ராத்திரியில் அங்கே போய்ப் பாருங்கள், இருபது நாய் நிற்கும். அந்தக் கழிவைத் தின்று பழகிக் கூட்டம் சேர்ந்த நாய்கள்தான், மூட்டை வராத நாளில் கிளுவை வேலியைத் தாண்டி ஆடு மேயும் கொறங்காட்டுக்குள் போகின்றன. இருக்கிற நாயைப் பிடித்துப் போனாலும் கழிவு அங்கே கிடக்கும்வரை வேறு நாய் வந்து சேரும்.

போன மாதம் எங்கள் கேட்டில் ஒரு யூரியா சாக்கு, வாய் கட்டியிருந்தது. உள்ளே ஆறு குட்டி, கண்கூடத் திறக்கவில்லை, ஒன்றுக்குத் தொப்புள்கொடி இன்னும் ஈரமாக இருந்தது. ஆறில் ஐந்து பொட்டை. தாயில்லாத குட்டிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், கொடுத்தோம், ஒன்றுதான் பிழைத்தது. சாக்கைக் கொண்டுவந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, காப்பகத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைத்திருப்பார். அந்தத் தாய் நாயைக் கொண்டுவந்திருந்தால் ஒரே அறுவையில் அத்தனையும் நின்றிருக்கும், அது இப்போது எந்தத் தோட்டத்தில் அடுத்த ஈற்றுக்கு நிற்கிறதோ.

உங்கள் வீட்டு, தோட்டத்துப் பொட்டை நாய்களைக் கொண்டு வாருங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேட்டால் எங்கள் காப்பகத்துக்கு வழி சொல்வார்கள். சனிக்கிழமைதோறும் டாக்டர் வருகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மேல் சோறு வைக்காதீர்கள், மயக்க ஊசி போடும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காங்கயம்